கேள்வி – பதில்: சாமிமாரில் யார் பெரியவர்?

கோயில் திருவிழாச் செலவைப் பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்குப் போன இதழில் பதில் எழுதும்போது, நாம் இன்று பெரியவர் என்று மாலை போடுகிற சமயத் தலைவர்களில் முக்கால்வாசிப் பேரை ஐம்பது வருடத்துக்குப் பிறகு யாரும் நினைக்கப்போவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வசனம் எழுதியிருந்தேன். செலவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த ஒரு வசனத்துக்குத்தான் இத்தனை கடிதங்களும். சைவர், வேதக்காரர், இஸ்லாமியர் என்று எல்லாப் பக்கத்தாலும் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுவே. யானை வேலியும் நெல் விலையும் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஒரு மதத் தலைவரைப் பெரியவர் என்று சொல்ல எது அளவுகோல்? எங்கள் சனசமூக நிலையத்தில் ஒருவர் சீடர்களின் தொகை என்கிறார், ஒருவர் அற்புதம் என்கிறார், இன்னொருவர் கட்டிய கோயிலும் எழுதிய நூலும் என்கிறார். தீர்ப்பு உங்களிடம்.
– வாசகர், தருமபுரம்

பதில்: தீர்ப்புச் சொல்ல நான் நீதவான் இல்லை, ஆனால் அபிப்பிராயம் இருக்கிறது. கூட்டம் ஒரு நடிகர் வந்தாலும் கூடும். கட்டடம் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் காசு வந்தால் எழும்பும், நம் கண்முன்னே எழும்பிக்கொண்டும் இருக்கிறது. நூல் சரி, நல்ல நூல் நிற்கும், ஆனால் அதற்காக என்றால் அவரைப் புலவர் என்று கொண்டாடலாமே. அற்புதம் என்றால், நம் பக்கத்திலேயே வைகாசி விசாகத்துக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்பு நீரில் விளக்கெரித்து, பிறகுதான் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல். எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது. அந்தத் தண்ணீரைச் சுமந்து வருகிறவர் யார் என்று பொங்கலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகம் பேருக்குத் தெரியாது. சுமந்தவரும் அதைத் தன்னுடைய அற்புதம் என்று பனர் அடித்துத் தொங்கவிடுவதில்லை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். புகழோ பதவியோ காசோ உயிர் தப்பும் வழியோ, கையை நீட்டினால் எடுக்கலாம் என்கிற தூரத்தில் வந்து நின்றபோது அந்த மனிதர் எதை வேண்டாம் என்றார்?

முகம்மது நபி அவர்களின் குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் பிள்ளைக்காகச் சூரியனே துக்கம் காக்கிறது என்று மதீனாவில் சனம் கதைக்கத் தொடங்கிவிட்டது. அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருந்திருந்தாலே போதும், அந்தக் கதை அவர் பெயரை இன்னும் ஒரு படி ஏற்றியிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நாளிலும் அவர் எழுந்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொன்னார். எனக்கு இது எந்த அற்புதத்தை விடவும் பெரிதாகப் படுகிறது. 632இல் அவர் காலமானபோது நம்ப முடியாமல் கலங்கி நின்றவர்களிடம் அபூபக்கர், முகம்மதை வணங்கியவர்கள் அறிந்துகொள்ளட்டும், அவர் இறந்துவிட்டார், அல்லாஹ்வை வணங்கியவர்களுக்கு அவன் என்றும் இருக்கிறான் என்றாரே, அந்தத் துணிவு அவருக்கு அந்த வீட்டில் பழகித்தான் வந்திருக்க வேண்டும்.

இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவு கொடுத்த கையோடு சனம் அவரைப் பிடித்து அரசனாக்கப் பார்த்தது, அதை அறிந்து அவர் தனியே மலைக்குப் போய்விட்டார் என்று யோவான் எழுதுகிறார். நம் நாட்டில் சோற்றுப் பார்சல் கொடுத்த கையோடு வாக்குக் கேட்பார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு கோயிலில் கிடைக்கிறது, அதை மாற்றி அடியாருக்கு அமுது போடுகிறார்கள். சம்பந்தரின் மடத்தில் மட்டும் சோறு பிந்துகிறது. விசாரித்தால், அவருடைய காசைக் கடைக்காரர் வாசி, அதாவது மாற்றுக் கழிவு, பிடித்துக்கொண்டுதான் மாற்றுகிறார்களாம், அப்பரின் காசுக்கு வாசி இல்லையாம். காரணத்தையும் பெரியபுராணமே சொல்கிறது: அப்பர் உழவாரத்தோடு கையால் தொண்டு செய்கிறவர். சம்பந்தரின் பாட்டில் ஒரு குறையும் இல்லை, "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடித்தான் அவரும் நல்ல காசு வாங்கினார். ஆனாலும் கோயில் வீதியில் புல்லுச் செருக்கிய கைக்குக் கிடைத்த காசு முழுப் பெறுமதிக்குப் போனது என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. மேடையில் ஞானம் பேசுகிறவர்களின் காசுக்குக் கொஞ்சம் வாசி பிடிக்க நாமும் பழகலாம்.

கேள்வி: யோகர் சுவாமி கிளிநொச்சியில் அரசாங்க வேலை பார்த்தவர் என்று என் அப்பப்பா சொல்வார். உண்மையா?
– வாசகி, உருத்திரபுரம்

பதில்: உண்மை, அம்மா. 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலை நடந்த இடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அன்றைக்கு அது காடும் கொசுவும் காய்ச்சலும், இன்று நாம் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கிற இந்த நிலம்தான். மாதச் சம்பளம் வருகிற அந்த வேலையை விட்டுவிட்டு நல்லூர்த் தேரடிக்குப் போனார், செல்லப்பா சுவாமியிடம். செல்லப்பர் யார் தெரியுமா, ஊரே விசரன் என்று ஒதுக்கி வைத்திருந்த மனிதர். அவரும் அந்தப் பெயரைத் திருத்தப் போகவில்லை, கூட்டம் சேராமல் இருக்க அதுவும் ஒரு வேலி என்று விட்டுவிட்டார் போல. "யாரடா நீ" என்று அதட்டியவரையே யோகர் குருவாகப் பிடித்துக்கொண்டார்.

பிறகு யோகரைத் தேடி அமைச்சரும் நீதிபதியும் பேராசிரியரும் கொழும்புத்துறைக் கொட்டிலுக்கு வந்தார்கள். சிலரை இருத்திக் கதைப்பார், சிலரை வாசலிலேயே ஏசிக் கலைப்பார். வந்தவரின் பதவி பார்த்து அந்த ஏச்சு கூடிக் குறைந்ததில்லை என்பது யாழ்ப்பாணம் முழுக்க அறிந்த கதை. 1964இல் மறைந்தார். "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்று, செல்லப்பரிடம் கேட்டு அவர் சொல்லிவந்த வாக்கை இன்றைக்கு ஓட்டோவின் பின்பக்கத்திலும் காண்கிறோம். இரணைமடுக் குளம் வான் பாய்கிற நாட்களில் பள்ளக் காணிக்காரர் அதை வாசித்துவிட்டு என்ன நினைப்பார்களோ தெரியாது.

கேள்வி: ஆறுமுக நாவலர் சாதி பார்த்தவர். அவருக்குச் சிலை வைத்து விழா எடுப்பது சரியா? நேரடியாகப் பதில் சொல்லவும், சுற்றி வளைக்க வேண்டாம்.
– வாசகர், வவுனியா

பதில்: சாதி பார்த்தார். சாதி ஒழுங்கைச் சரி என்று நம்பினார், அதை எழுத்திலும் ஒளிக்கவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்ப நான் தயாரில்லை, ஏனென்றால் அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் வடலூரில் ஒருவர் சாதியும் சமயமும் பொய் என்று பாடிக்கொண்டிருந்தார். நாவலர் 1822இல் பிறந்தவர், வள்ளலார் 1823இல். ஒரு வயதுதான் வித்தியாசம். இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. வள்ளலார் பாடியது அருளால் வந்த அருட்பாவா, மயக்கத்தில் வந்த மருட்பாவா என்று தொடங்கிய சண்டை துண்டுப்பிரசுரம், கண்டனம், ஏச்சு என்று வளர்ந்து 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இரண்டு பெரியவர்கள் கோர்ட்டில். இன்றைக்கு நடந்திருந்தால் முகநூலில் இரண்டு பக்கத்தாருக்கும் நித்திரை இருந்திருக்காது.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடக்கிப் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார், அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பத்து வருடம் கழித்து, 1876–78 பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் சனம் பட்டினியால் விழுந்தபோது நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தார். அத்தோடு நிற்கவில்லை, சனம் சாகிறது என்பதை ஒப்புக்கொள்ளாத அரசாங்க அதிபர் துவைனத்தை எதிர்த்து எழுதினார், கூட்டம் கூட்டினார். அதற்கு முன்பே, பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் இருந்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். கலியாணம் முடிக்கவில்லை. சொத்துச் சேர்க்கவில்லை. மாந்தையில் இடிந்து மறைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று 1872இல் சைவ மக்களைத் தட்டி எழுப்பியதும் அவர்தான்.

வள்ளலாரின் பக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது, தன் பாடல்களை அச்சேற்றப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதம். இராமலிங்கசாமி என்று பெயர் போடுவது தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தெரிகிறது என்று எழுதினார். இப்போது தன் பெயருக்கு முன்னால் இரண்டு ஸ்ரீயும் பின்னால் மூன்று பட்டமும் தானே போட்டுக்கொடுத்து நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

சரி, நேரடிப் பதில். விழா எடுங்கள். எடுக்கிற விழாவில் கஞ்சித்தொட்டியையும் சொல்லுங்கள், சாதியையும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுகிற விழா எனக்கு வேண்டாம், அது எந்தப் பக்கத்து மறைப்பானாலும் சரி. வள்ளலாரா நாவலரா என்று என்னைக் கழுத்தில் பிடித்துக் கேட்டால் வடலூர்ப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழ் வசனம் எழுதக் கற்றுக்கொடுக்க நாவலரின் கையைத்தான் பிடிப்பேன்.

கேள்வி: யோசேவ் வாஸ் அடிகளார் கோவாக்காரர், வெளியாள். அவரை நாம் ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும்? மழை பெய்வித்த அற்புதத்துக்காகவா?
– வாசகர், அடம்பன்

பதில்: வெளியாள்தான். புத்தருக்கும் இயேசுவுக்கும் நபிக்கும் வன்னியில் பரம்பரைக் காணி இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திவிட்டு, வழிபாட்டையே தடை செய்து வைத்திருந்த காலத்தில், 1687இல் கூலிக்காரர் வேடத்தில் இங்கே வந்தார். யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டத்தோடு கிடந்து பிழைத்தார், தமிழ் படித்தார், சிங்களம் படித்தார், கண்டிக்குப் போனவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று மறியலில் போட்டார்கள். மழைக் கதை எனக்கும் தெரியும். ஆனால் அதை விட்டுவிட்டு 1697ஐப் பாருங்கள். கண்டியில் பெரியம்மை. அரசன் நகரத்தை விட்டுப் போய்விட்டான், பெரிய இடத்து ஆட்களும் போய்விட்டார்கள், வருத்தக்காரரைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்ட காலம் அது. அவரும் இன்னொரு குருவும் மட்டும் அந்த மனிதர்களிடம் போய்க் கழுவினார்கள், சோறு ஊட்டினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். சமயம் எதுவென்று கேட்டுக்கொண்டு செய்யவில்லை. பௌத்த அரசனின் நாட்டில் அவரை இருக்க விட்டதே இதற்குப் பிறகு உறுதிப்பட்டதுதான். 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார், கோவாவுக்குத் திரும்பவே இல்லை.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார், அன்று பின்னேரம் மடு மாதா கோயிலுக்கும் வந்தார், உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அங்கேதான் நின்றிருப்பீர்கள். புனிதர் பட்டத்துக்கு வழக்கமாகக் கேட்கிற இரண்டாவது அற்புதத்தை அவருக்குக் கேட்கவில்லை, விலக்கு அளித்தார்கள். வத்திக்கானே அற்புதக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தும்போது நீங்கள் ஏன் மழையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கேள்வி: 2009இல் நாங்கள் பதுங்குகுழிக்குள் செத்துக்கொண்டிருந்தபோது இந்தப் பெரியவர்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அறிக்கை விட்டவர்கள் இருந்தார்கள், அதுவும் விடாதவர்கள் இருந்தார்கள், வென்றவர்களுக்குப் பௌத்த முறையில் பிரித் ஓதி ஆசி கொடுத்தவர்களும் இருந்தார்கள். உங்கள் கோபத்தைத் தணிக்க நான் முயலவில்லை.

ஆனால் உங்களோடேயே இருந்தவர்களை நீங்களே கண்டிருப்பீர்கள். உருத்திரபுரத்தில் பங்குத்தந்தையாக இருந்த சரத்ஜீவன் அடிகளார் வெளியே போகக்கூடிய நேரத்தில் போகவில்லை, கடைசிவரை சனத்தோடு நின்று, மே 18 அன்று வெளியே வருகிற வழியில் உயிர் போனது. யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார் அதே நாளில் சரணடைந்தவர்களோடு போனார், இன்றுவரை ஆளைக் காணவில்லை. கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள், விக்கிரகத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தறப்பாளுக்குத் தறப்பாள் இடம்பெயர்ந்த ஐயர்மாரும் பூசாரிமாரும் இருந்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தவர்களில் யார் துறவி, யார் சாதாரண ஆள் என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பிறகு மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. நெடுந்தீவில் பிறந்தவர், 1992இலிருந்து ஆயர். 2011 ஜனவரியில், வென்றவர்கள் நாட்டை ஆண்டுகொண்டிருந்த உச்ச நேரத்தில், நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் இருந்து ஒரு கழித்தல் கணக்கைச் சொன்னார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், பதிவின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாக ஐ.நா. மனிதாபிமான அலுவலகம் சொன்ன தொகை 282,380. மிச்சம் 146,679 பேர், அவர்களுக்கு என்ன நடந்தது? இரண்டு எண்ணும் அவருடையவை இல்லை, ஒன்று கச்சேரியின் கடதாசியில் இருந்தது, மற்றது ஐ.நா.வின் கடதாசியில் இருந்தது. ஒரு ஆயர் பேசாமல் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டு, அமைச்சர்மாரோடு நத்தார் விருந்துக்கும் போய்க்கொண்டு இருந்திருக்கலாம். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் காலமானபோது மன்னாரில் சைவரும் வரிசையில் நின்றது அதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நீங்கள் கேட்ட இதே கேள்வியை, 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கை விட்டுப் போகச் சொன்ன முஸ்லிம் சனம் நம் பக்கத்துச் சாமிமாரைப் பார்த்துக் கேட்கலாம். ஊர்கள் வெறுமையானபோது எத்தனை மேடையில் அதைக் கண்டித்தார்கள்? எதிரியைக் கண்டிக்கிற சாமியாரைத் தேடுவது கஷ்டமில்லை.

கேள்வி: உங்கள் பதில்களில் எப்போதும் ஆண்கள்தான். பெண்களில் ஒருவருமா இல்லை?
– வாசகி, மாங்குளம்

பதில்: காரைக்கால் அம்மையாரில் தொடங்கலாம், இந்த அழகு வேண்டாம், பேய் வடிவம் தா என்று கேட்டு வாங்கியவர். நம் காலத்தில் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலைப் பொறுப்பெடுத்து நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், 1925–2008. ஆசிரியர், நல்ல பேச்சாளர், ஆனால் பேச்சோடு நிற்கவில்லை. கோயிலுக்கு வந்த காசைக் கோபுரத்துக்கு மேல் கோபுரமாக ஏற்றாமல், தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்து வளர்த்துப் படிப்பித்தார். கோயில் நிர்வாக சபைக் கூட்டத்தில் இந்தப் பெயரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், பேச்சு உடனே தேர் முட்டிக்குப் பெயின்ற் அடிப்பதற்குத் தாவும்.

கேள்வி: எங்கள் ஊர் விழாவில் முன்வரிசைக் கதிரை கிடைக்கவில்லை என்று ஒரு சமயப் பெரியார் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சமாதானம் செய்யப் போகவேண்டுமா?
– விழாக்குழுச் செயலாளர், முழங்காவில்

பதில்: திருப்பூந்துருத்திக்குச் சம்பந்தர் சிவிகையில் வருகிறார். "அப்பர் எங்குற்றார்?" என்று கேட்கிறார். "உம்மைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன்" என்று கீழே இருந்து குரல் வருகிறது. எண்பதை எட்டுகிற கிழவர், கூட்டத்துக்குள் புகுந்து சிவிகைக்குத் தோள் கொடுத்திருக்கிறார். கேட்ட பிள்ளை பதறிக் குதித்து இறங்கியது. உங்கள் பெரியார் சுமக்கவும் வரவில்லை, இறங்கவும் இல்லை. போகவேண்டாம்.

கேள்வி: விவேகானந்தர் எங்கள் பக்கத்தால் போனாரா?
– வாசகர், ஓமந்தை

பதில்: போனார். சிக்காகோவிலும் லண்டனிலும் பேசிப் பேர் எடுத்துவிட்டு 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, கண்டி, அனுராதபுரம் வழியாகக் குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் போனார். வழியில் தம்புள்ளைப் பக்கம் வண்டிச் சில்லு உடைந்து, பிறகு மாட்டு வண்டியில் ஆமை வேகப் பயணம். வவுனியாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து அவருக்கு வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள். சேர்ந்து என்பதை இரண்டு தரம் வாசியுங்கள்.

அதற்கு முன் அனுராதபுரத்தில் போதி மரத்தடியில் அவர் பேசத் தொடங்கியபோது ஒரு பௌத்தக் கூட்டம் மேளமும் சேமக்கலமும் அடித்துப் பேச்சைக் குழப்பியது. கூட வந்த இந்துக்கள் அடிபடத் தயார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அங்கே மண்டை உடைந்திருக்கும். பேச்சை நிறுத்திவிட்டுத் தன் ஆட்களைத்தான் அடக்கினார். ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு அரசமரத்துக்கும் வழக்கும் பொலிசும் என்று நாம் அலைகிற இந்த நாட்களில் இரு பக்கத்துச் சாமிமாருக்கும் அந்த அனுராதபுரத்துப் பின்னேரத்தைப் பற்றி ஒரு நாள் வகுப்பு எடுக்கலாம். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம், வழக்கைப் போடுங்கள், வழக்கை வெல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்கிற எல்லாரும் செத்தவர்கள். இப்போது வன்னியில் உயிரோடு இருக்கிற ஒரு பெரியவரின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.
– வாசகர், மல்லாவி

பதில்: இரண்டு மூன்று பேரைத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கிழமையே மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்து, பட்டம் கொடுத்து, யூரியூப்காரரையும் கூப்பிட்டு ஆளைக் கெடுத்துவிடுவீர்கள், என்னையும் வாழ்த்துரைக்குப் போட்டுவிடுவீர்கள்.